ஹாஜியார் தூங்கவில்லை

மாத்தளையில் நான் வேலை பார்த்த கணினிக் கடையின் வாடிக்கையாளர்களை அப்போது மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். கேட்டதைச் செய்து கொடுத்தால் போதும் என்பவர்கள். கேட்காததையும் சேர்த்துச் செய்யச் சொல்பவர்கள். ஹாஜியார்.

மூன்றாவது வகையில் வேறு ஆள் இல்லை. பிரதான வீதியில் மிளகு, கராம்பு, ஏலம், சாதிக்காய் என்று மொத்தமாக வாங்கி விற்கும் கடை அவருடையது. அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. குள்ளமான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. சட்டைப் பையில் எப்போதும் சில கராம்புகள் இருக்கும். ஒரு விஷயம் முடிந்துவிட்டது, இனிப் பேச்சில்லை என்றால் ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அதன் பிறகு அவரிடம் பேரம் பேசியவர்கள் இல்லை.

"என்ட கடையில எனக்குத் தெரியாம ஒரு கராம்பு உருளாது." இதை அவர் சொல்லாத நாளை நான் பார்த்ததில்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கைப்பிடி வைத்த மர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடை முழுவதையும் பார்ப்பார். பகலில் தூங்கும் வியாபாரிகளைப் பற்றி அவருக்கு மிகவும் தாழ்ந்த அபிப்பிராயம். "தூக்கம் வந்தா கடையப் பூட்டிட்டுப் போய்ப் படு. கடையும் தொறந்து வாயும் தொறந்து ஈந்தா, சனம் எதுக்குள்ள வாரது?" என்று பக்கத்துப் புடவைக் கடைக்காரரைக் கேட்டவர் அவர்.

அவரும் தூங்குவார். மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்து, வீட்டிலிருந்து வரும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்தால் கொஞ்ச நேரத்தில் தொப்பி முன்னால் சரியும். பிறகு வாய் திறக்கும். அந்த நேரத்தில் கடைக்குப் போனால் ராமையா அண்ணன் வாசலுக்கே வந்து ரகசியக் குரலில் சொல்வார்.

"ஹாஜியார் கணக்குப் பாக்குறாருங்க. கொஞ்சம் பொறுத்து வாங்களேன்."

ராமையா அண்ணன் எல்கடுவத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருகிறவர். ஐம்பது வயதிருக்கும். நிறுப்பது, புடைப்பது, தரம் பிரிப்பது, சாக்குக் கட்டுவது, வருகிறவர்களில் யாரை ஹாஜியாரிடம் விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது எல்லாம் அவர் வேலை. ஹாஜியார் கண்விழித்ததும் முதலில் கேட்பது, "என்ன ராமையா, பாத்துட்டு நிக்கிற?" என்பதாக இருக்கும். அவர் தூங்கியதாக இருவரில் ஒருவரும் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

கடைச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம். அது அரை மணி முந்தி ஓடும். நாட்டின் நேரத்தை அரசாங்கம் அரை மணி பின்னுக்கு வைத்தபோது எல்லோரும் கடிகாரத்தை மாற்றினார்கள். ஹாஜியார் கைக்கடிகாரத்தை மட்டும் மாற்றினார். சுவர்க் கடிகாரம் பழைய நேரத்திலேயே ஓடியது. காலையில் வேலையாட்கள் சுவரைப் பார்த்து வரவேண்டும். மாலையில் ஹாஜியார் தன் கையைப் பார்த்து அனுப்புவார். இந்த ஏற்பாடு தன்னைத் தவிர யாருக்கும் புலப்படாது என்று அவர் முழுமையாக நம்பினார்.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. என் கடையின் முதலாளி கண்காணிப்புக் கெமராக்களை இறக்கி விற்கத் தொடங்கியிருந்தார். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த எனக்கு அவற்றைப் பொருத்திக் கொடுக்கும் வேலை. ஒரு பை நிறைய வயரும், குறடும், அன்டெனா வைத்த பெட்டியும் தூக்கிக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண் வீதியில் நடப்பது அப்போது சாதாரண விஷயமில்லை. என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்காக மாத்தளை வந்தவர். காலையில் நான் செருப்பைப் போடும்போதே, "பிள்ளை, ஐடின்டி காட் எடுத்தனியோ?" என்பார். எடுத்தேன் என்றாலும் பையைத் திறந்து பார்ப்பார். சோதனைச் சாவடியில் நிற்கும் சிப்பாயும் அதே பையைத் திறப்பார். பையில் இருப்பவற்றின் பெயர்களை வரிசையாகச் சிங்களத்தில் மனப்பாடம் செய்துகொண்ட பிறகுதான் எனக்கு வேலை ஓடியது.

ஹாஜியார் கடைக்குக் கெமரா கேட்டது கத்தாரில் இருந்த மகன் நவாஸ். தோஹாவில் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை. அங்கிருந்தபடியே கடையைப் பார்க்கவேண்டும் என்றார். ஹாஜியாருக்கும் ஆசை வந்தது. அவர் ரத்தோட்டைக்கு மிளகு பார்க்கப் போகும் நாட்களில் கடையில் கராம்பு உருளுகிறதா என்று உக்குவளை வீட்டிலிருந்து மனைவி பார்த்துச் சொல்லலாம் அல்லவா?

கெமராவை எங்கே வைப்பது என்று அவரே முடிவு செய்தார். வாசலுக்கு மேலே, உள்பக்கம் பார்த்தபடி.

"இப்பிடி வெச்சா நீங்களும் தெரிவீங்க, ஹாஜியார்" என்றேன்.

"தெரியட்டும் மகள். நான் என்ன களவா எடுக்கிறேன்?"

கெமராவோடு இணையும் பதிவுப் பெட்டிக்கு ஹார்ட் டிஸ்க் தனியாக வாங்கிப் போடவேண்டும். போட்டால்தான் நடந்தது பதிவாகும். இல்லாவிட்டால் அந்தந்த நேரம் நடப்பதை மட்டும் பார்க்கலாம். விளக்கிச் சொன்னேன்.

"பாக்கத்தானே மகள் வேணும்? பதிஞ்சு வெச்சுக்க இங்க என்ன கலியாணமா நடக்குது?" என்று ஒரு கராம்பை வாயில் போட்டுக்கொண்டார். அந்தப் பேச்சு முடிந்தது.

வெளியூரிலிருந்து ஒரு பெட்டியைப் பார்க்க வைப்பதில் செய்யவேண்டிய வேலைகள் நான்கு. பெட்டிக்குக் கடைக்குள் மாறாத ஓர் எண் கொடுக்கவேண்டும். வெளியிலிருந்து கேட்டு வருபவர்களை அந்த எண்ணுக்கு அனுப்பும்படி ரவுட்டரில் ஒரு வழி திறந்துவிட வேண்டும். கடவுச்சொல் போடவேண்டும். நேரத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லவேண்டும். வேறு கடைகளில் ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஹாஜியார் கடையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கு நடந்தது.

ரவுட்டர் எதற்கு என்றார். "வெளிய இருந்து வாறவங்க நேரா உள்ள வந்துடாம, யாரப் பாக்கணும்னு கேட்டு, அவங்ககிட்ட மட்டும் அனுப்புறது, ஹாஜியார்."

"அது ராமையா செய்ற வேல."

அன்றிலிருந்து ரவுட்டருக்குப் பெயர் சின்ன ராமையா. "மகள், சின்ன ராமையாட லைட் செவப்பா எரியுது, வாங்க" என்று தொலைபேசியில் அழைப்பார். பெரிய ராமையா அண்ணன் பக்கத்தில் நின்று, "எனக்கு ஒரு வெளக்கும் எரியலிங்க" என்பார்.

கடையைப் பூட்டும்போது ஹாஜியார் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். காலையில் போட்டதும் இணைய நிறுவனம் கடைக்கு வேறு எண் கொடுக்கும். முன்தின எண்ணோடு தேடும் நவாஸுக்கு வேறு எவருடைய வீட்டுக் கதவோ கிடைக்கும். உடனே எனக்கு அழைப்பு: "சிஸ்டர், இன்டைக்கு என்ன நம்பர்?"

எண் எதுவானாலும் மாறாத ஒரு பெயரைப் பதிவு செய்துவிட்டால் தீர்ந்தது. கடைப் பெயரை முழுதாக, 'அன்ட் சன்ஸ்' வரைக்கும் போடவேண்டும் என்று ஹாஜியார் பிடிவாதம் பிடித்தார். அந்தக் கட்டத்துக்குள் அவ்வளவு எழுத்துகள் போகவில்லை. 'சன்ஸ்' வெளியே நின்றது. மறுநாள் தோஹாவிலிருந்து நவாஸ் கேட்டார்:

"சிஸ்டர், வாப்பா என்னய வெட்டிட்டாரா?"

கடைசியில் நேரம். கடை நேரத்தை வைக்கும்படி ஹாஜியார் சொன்னார். பெட்டி இணையத்தைக் கேட்டுச் சரியான நேரத்தைத்தான் எடுக்கும் என்றேன்.

"என்ட கடையில அதுக்கு என்ன தனி நேரம்?"

"ரேடியோ சொல்ற நேரம், ஹாஜியார். உங்க கையில உள்ள நேரம்."

அவர் சட்டென்று ராமையா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். ராமையா அண்ணன் மிளகு புடைப்பதில் மும்முரமாக இருந்தார். "சரி சரி, ஏதோ ஒண்டு போடுங்க" என்று பேச்சை முடித்தார். கராம்பு போடவில்லை. அதனால் அது முடிந்த பேச்சில்லை என்று எனக்கு விளங்கியது.

சில மாதங்கள் எல்லாம் சரியாக ஓடியது. பிறகு ஒரு காலையில் அழைப்பு வந்தது.

"மகள், ராமையாவக் கொண்டு போயிட்டாங்க."

ரவுட்டரைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ரவுட்டர் இருந்த இடத்தில் பச்சை விளக்குடன் இருந்தது. தராசுக்குப் பக்கத்தில்தான் ஆளில்லை.

முந்தின நாள் பகல் இரண்டு மணி அளவில் பஸ் நிலையத்தில் யாரோ ஒரு பையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே ஒரு பழைய ரேடியோவும் வயர்களும். வெடிக்கும் பொருள் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் வயர் மட்டும் போதும். சாக்குத் துணியில் தைத்த பை, சாரம் கட்டிய ஆள், தமிழ் ஆள் என்று எவரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை எல்கடுவ பஸ்ஸிலிருந்து சாரத்துடன், சாக்குத் துணிப் பையில் மத்தியானச் சோற்றுடன் இறங்கி மாட்டிக்கொண்டவர் ராமையா அண்ணன். ஹாஜியார் கடையின் கிழிந்த சாக்குகளில் தைத்த பைகள் மாத்தளையில் பாதிப் பேரிடம் உண்டு. அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

இரண்டு மணிக்குக் கடையில் இருந்தேன் என்று அவர் சொன்னதை விசாரிக்கப் பொலிஸார் கடைக்கு வந்திருக்கிறார்கள். கடையில் அவரோடு கூட வேலை செய்பவர் ஆமாம் என்றார். கூட்டாளி அப்படித்தான் சொல்வான் என்று தள்ளிவிட்டு, ஹாஜியாரைக் கேட்டார்கள். இங்கேதான் இருந்தான் என்றார் ஹாஜியார். அந்த நேரம் உங்கள் கண்ணால் பார்த்தீர்களா, பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்து வைப்பீர்களா என்று கேட்டார்கள்.

"அவரு வாயே தொறக்கல மிஸ்" என்றார் கூட வேலை செய்பவர். "ஒரு வார்த்த. பாத்தேன்னு ஒரு வார்த்த சொன்னா விட்டுட்டுப் போயிருப்பாங்க. இருவது வருசம் வேல செஞ்ச மனுசன். நாளைக்கிக் கொழும்புக்கு அனுப்பிருவாங்களாம். அங்க போனா எப்ப வருவாருன்னு யாருக்குங்க தெரியும்?"

ஹாஜியார் நாற்காலியில் உட்காரவில்லை. அதன் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். கையில் ஒரு கராம்பு இருந்தது. அதை விரல்களால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"மகள், அந்தப் பொட்டியில நேத்துள்ளது ஈக்குமா?"

"ஹார்ட் டிஸ்க் இல்லையே, ஹாஜியார்."

நாற்காலியை விட்டு என் கிட்டே வந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"அவன் இங்கதான் ஈந்தான். எனக்குத் தெரியும். ஆனா பாக்காதத பாத்தேன்னு எப்பிடி மகள் கையெழுத்து வைக்கிறது? நாளைக்கு அல்லாஹ்வுக்கு யார் பதில் சொல்றது?"

"அப்போ அந்த நேரம் நீங்க தூங்கி..."

"நான் தூங்கல்ல. கண் மூடி ஈந்திச்சு."

அவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பகலிலேயே கடையைப் பூட்டினார். அவர் பகலில் கடை பூட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

நான் என் கடைக்குத் திரும்பி வந்து பையை இறக்கவில்லை, தொலைபேசி அடித்தது.

"சிஸ்டர், ஸ்கிரீன் இருட்டா ஈக்கி. சின்ன ராமையா செத்துட்டானா?"

நவாஸிடம் நடந்ததைச் சொன்னேன். "நேத்து ரெண்டு மணியா? அங்கத்த ரெண்டு மணியா?" என்று கேட்டார். "சிஸ்டர், நேத்து நான் பாத்துட்டுத்தானே ஈந்தேன். வாப்பா தூங்கக்குள்ள நான் எப்பயும் பாப்பேன்."

பார்த்ததோடு நிற்கவில்லை. வாப்பாவின் வாய் நன்றாகத் திறக்கும் நேரமாகப் பார்த்துத் திரையைப் படமாக எடுத்து வைப்பது நவாஸின் பொழுதுபோக்கு. அறையில் கூட இருந்தவர்கள் தினமும் இன்றைய படம் எங்கே என்று கேட்பார்களாம். ஒரு கோப்புறை நிறையச் சேர்ந்திருந்தது. முன்தினப் படத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன்.

வந்த படத்தை நான் இப்படிச் சரிபார்த்தேன். மூலையில் பதிவுப் பெட்டி போட்ட தேதியும் நேரமும்: இரண்டு மணி. தோஹாவில் நவாஸின் கணினி படத்தைச் சேமித்த நேரத்தோடு இரு நாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினாலும் இரண்டு மணி. படத்தின் நடுவில் ஹாஜியார், தொப்பி மூக்குவரை சரிந்து, கடைவாய்ப் பல் தெரிய. அவருக்குப் பின்னால் சாக்கு மூட்டை மேல் சப்பணமிட்டு, கூட வேலை செய்பவருடன் பலகையில் காய் நகர்த்தும் டாம் விளையாடிக்கொண்டிருந்தவர் ராமையா அண்ணன். காயை வெட்டிய சந்தோஷத்தில் முகம் நேராகக் கெமராவைப் பார்த்துச் சிரித்தது. இருவருக்கும் மேலே சுவர்க் கடிகாரம். அதில் இரண்டரை.

பெரிய தாளில் அச்சடித்து உக்குவளைக்கு எடுத்துப் போனேன். ஹாஜியார் கண்ணாடி போட்டுப் பார்த்தார். முதலில் ராமையா அண்ணனைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்புறம் தன்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது எத்தன பேர் கண்டீக்காங்க?"

"தோஹாவில கொஞ்சப் பேர், ஹாஜியார்."

"பொலிஸிலயும் காணணும், என்ன?"

"வேற வழி இல்ல."

எழுந்து, கஞ்சி போட்ட புதுச் சட்டை ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தார். தொப்பியைக் கண்ணாடியில் பார்த்து நேராக வைத்தார். பொலிஸுக்கு அவர் என்னை வரச் சொல்லவில்லை. நேரம் எங்கிருந்து வந்தது என்று யாராவது சொல்லவேண்டும் என்பதால் நானே போனேன். அப்பாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பொறுப்பதிகாரி படத்தைப் பார்த்தார். ஹாஜியாரைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"மம நிதாகென ஹிட்டியே, சேர்" என்றார் ஹாஜியார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருடம் யாரும் கேட்டிராத சொல். சரியாகக் கேட்காததுபோல் அதிகாரி தலையைச் சாய்க்க, ஹாஜியார் இன்னும் சத்தமாகச் சொன்னார். பக்கத்து மேசையிலிருந்த இரண்டு பொலிஸ் கொஸ்தாப்புகள் எழுந்து வந்து படத்தைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர்கள் தோள் குலுங்கியது.

மூலையில் உள்ள நேரம் எங்கிருந்து வருகிறது என்று நான் விளக்கினேன். இணையத்திலிருந்து வருவது, கடையில் எவரும் கை வைக்க முடியாதது, தோஹாவின் நேரத்தோடும் பொருந்துவது. அதிகாரி விரலைச் சுவர்க் கடிகாரத்தின் மேல் வைத்தார். "இதில் இரண்டரை. இரண்டு மணிக்குப் பையை வைத்துவிட்டு இரண்டரைக்கு வந்து உட்காரலாமே?"

நான் வாயைத் திறந்தேன். ஹாஜியார் கையால் மறித்தார்.

"ஏ பரண வெலாவ, சேர்" என்றார். அது பழைய நேரம். மாற்றவில்லை. காலையில் ஆட்கள் அரை மணி முந்தி வரட்டும் என்று மாற்றவில்லை.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய மாமியார் வீட்டுக் கடிகாரமும் இன்னும் அப்படித்தான் ஓடுகிறதாம். அதற்குப் பிறகு அவர் குரல் கொஞ்சம் மாறியது. படத்தைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஹாஜியார். கீழே கையெழுத்துக் கேட்டார்கள். படத்தில் தூங்குவது நான்தான் என்று எழுதி, கையெழுத்து வைத்தார்.

மாலையில் ராமையா அண்ணனை விட்டார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. ஹாஜியார் அதைப் பார்த்தார். அவருடைய பையைத் தான் வாங்கிக்கொண்டார். மூவரும் பிரதான வீதியில் நடந்தோம். கொஞ்சதூரம் போன பிறகு, எதிரே பார்த்தபடி, ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"ராமையா, அந்தச் சொவர்க் கடிகாரம் ஈக்கே..."

"தெரியுங்க, ஹாஜியார்."

"என்ன தெரியும்?"

"அது அரை மணி முந்திங்க. மாத்துன அன்னைக்கே தெரியும்ங்க. எல்லாருக்கும் தெரியும்."

ஹாஜியார் நின்றுவிட்டார். "தெரிஞ்சுமா இத்தன நாளா சொல்லாம வந்தீங்க?"

"காலைல நீங்க எடுக்குற அரை மணிய, மத்தியானம் நீங்க கணக்குப் பாக்குறப்ப நாங்க எடுத்துக்குவோம்ங்க" என்றார் ராமையா அண்ணன். வீங்கிய கன்னத்தோடு சிரிக்க முயன்றார். "அதுலதாங்க டாம் வெளாட்டு."

ஹாஜியார் சட்டைப் பைக்குள் கையை விட்டார். கராம்பு ஒன்றை எடுத்து ராமையா அண்ணனிடம் நீட்டினார். பல்வலிக்கு நல்லது என்றார்.

அடுத்த வாரம் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகச் சொல்வார் என்று நினைத்துப் பெரிய பையை எடுத்துப் போனேன். சுவர்க் கடிகாரம் பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. சாக்கு மூட்டையின் மேல் டாம் பலகை வெளிப்படையாக இருந்தது. சின்ன ராமையா பச்சை விளக்குடன் நின்றது.

"மகள், அந்த டிஸ்க்கும் போட்டுடுங்க" என்றார்.

போட்டேன். இனி ஒரு மாதத்துக்குப் பதிவு நிற்கும் என்றேன். தலையாட்டினார். பிறகு எழுந்து வந்து என் திரையில் கடையைப் பார்த்தார். அதில் தெரிந்த தன் நாற்காலியை ஒரு விரலால் தொட்டார்.

"கெமராவ இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பேலுமா?"

"திருப்பலாம். உங்க மொகம் தெரியாம வைக்கவா, ஹாஜியார்?"

"என்ட மொகத்துக்கு என்ன? நான்தான் தூங்குறதே இல்லையே" என்றார். கராம்பு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நான் கண் மூடியீக்கக்குள்ள ராமையா நல்லாத் தெரியணும்."